மதுபோதையில் வாகனமோட்டிப் பிடிபட்டால்: ஒப்புக்கொள்ளும் முன் தெரிய வேண்டியவை

லோரி, வேன் ஓட்டிப் பிழைப்பவருக்கு இந்த வழக்கில் அபராதத்தைவிடப் பெரிய இழப்பு லைசென்ஸ்தான்.

அளவு: மலேசியாவின் 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டம், பிரிவு 45ஏ-யின்படி 100 மில்லிலிட்டர் மூச்சில் 22 மைக்ரோகிராம் அல்லது 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் குற்றம். 2020 திருத்தத்துக்கு முன் இவை 35, 80 என இருந்தன.

தண்டனை: முதல் முறை 10,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை. குறைந்தது 2 ஆண்டு வாகனமோட்டத் தடை.

சோதனை: ஊத மறுத்தால் தப்பிவிடலாம் என்பது தவறு. தகுந்த காரணமின்றி மறுப்பதே தனிக் குற்றம்.

உரிமை: கைதுக்கான காரணத்தை அறியவும் வழக்கறிஞரை நாடவும் அரசியலமைப்பின் 5(3) விதி வழிசெய்கிறது.

தற்காப்பு: ஓட்டியவர் இவர்தானா, சோதனை முறைப்படி நடந்ததா, இரத்த மாதிரி கைமாறிய பதிவுகள் சரியா என்று வழக்கறிஞர் முதலில் பார்ப்பார். மாஜிஸ்திரேட் முன் குற்றத்தை ஒப்புக்கொண்ட பின் இவற்றைக் கிளப்புவது கடினம். பொதுவாகத் தண்டனையை எதிர்த்து மட்டுமே மேல்முறையீடு செய்யலாம்.

"இன்றே முடித்துவிடலாம்" என்று அவசரப்படாதீர். வசதி குறைந்தோர் ஒய்.பி.ஜி.கே எனும் தேசிய சட்ட உதவி அறவாரியத்தை நாடலாம்.