தலைமையாசிரியரின் சொல்லும் நம் தெருவும்

பள்ளி நிர்வாகம் என்பது பதிவேடுகளைப் பேணுவதே என்று எண்ணுவோர் பலர். தலைமையாசிரியரின் சொல் தெருவுக்குச் சென்று சேர்வதும், தெருவின் சொல் அவர் மேசைக்கு வந்து சேர்வதுமே நிர்வாகத்தின் உயிர் என்பதை நம் மாவட்டத்துக் கல்வி வரலாறு காட்டும்.

விருதுநகர் ஈன்ற காமராசர் முதலமைச்சராயிருந்தபோது பொதுக்கல்வி இயக்குநராக விளங்கியவர் நெ.து. சுந்தரவடிவேலு. 1956இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கிற்று. 1958இல் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் தொடங்கின. இவை சுற்றறிக்கையால் மட்டும் நடந்தவை அல்ல. ஆசிரியர்கள் ஊர்ப் பெரியோரை நேரில் கண்டு பள்ளியின் தேவைகளைக் கூறினர். ஊரார் தருவதாக ஒப்புக்கொண்டவை மாநாட்டில் அறிவிக்கப்பட்டன. ஆயினும், அந்த 'ஊர்ப் பெரியோர்' வரிசையில் நம் தெருவினர் எத்தனை பேர் அமர்ந்திருந்தனர் என்று இளைஞர்கள் கேட்டல் வேண்டும்.

சிவகாசியிலோ 1923இல் தொடங்கிய தீப்பெட்டித் தொழிலும், பின்னர் வளர்ந்த பட்டாசுத் தொழிலும் பள்ளியை முந்திக்கொண்டு பிள்ளைகளை அழைத்தன. விடியுமுன் ஆலைப் பேருந்து தெருமுனையில் ஒலியெழுப்பும். அதுவும் ஒரு செய்தித் தொடர்புதான், நாள் தவறாதது! நான் எட்டாம் வகுப்புப் பயின்றபோது உடன் படித்த நண்பன் ஒருவன் அப்பேருந்தில் ஏறித் தீக்குச்சிக் கட்டை அடுக்கச் சென்றான். பள்ளியிலிருந்து மூன்று கடிதங்கள் சென்றனவாம். எழுதப் படிக்கத் தெரியாத அவன் தாயார் அவற்றைப் பத்திரமாகக் கூரையில் செருகி வைத்திருந்தார். பதிவேட்டில் அவன் பெயர் சிவப்பு மையால் அடிக்கப்பட்டது. விதிப்படி யாவும் சரியே, பையன்தான் போய்விட்டான்.

1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1996 டிசம்பரில், சிவகாசி பற்றிய வழக்கில், ஆபத்தான தொழிலில் குழந்தையை அமர்த்தியவர் குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றும், ஆறு மாதங்களுக்குள் கணக்கெடுப்பு முடிய வேண்டும் என்றும் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. ஆணை டெல்லியில் பிறந்தாலும், வீட்டு வாசலில் நின்று அதைப் பேச ஆள் வேண்டுமன்றோ?

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்க்கு அளித்தது. என் உயர்நிலைப் பள்ளியிலும் பெற்றோர் கூட்டத்தை வேலை நாளில், முற்பகல் பதினொரு மணிக்குக் கூட்டிப் பார்த்தேன். ஒரு நாள் கூலியை இழந்து யார் வருவார்? வந்தவர் நால்வர். பின்னர் ஞாயிறு மாலையில், நம் தெருவின் வேப்பமரத்தடியிலேயே கூட்டினேன். இடமில்லாமல் மக்கள் நின்றனர்.

உதவித்தொகை பற்றிக் கேட்பார்கள் என எண்ணிப் படிவங்களைக் கொண்டுசென்றிருந்தேன். முதலில் எழுந்த தாயொருவர் கேட்டதோ வேறு: "நாங்க ஏழு மணிக்கு வேலைக்குப் போயிடுறோம் சார்; பள்ளிக்கூடம் திறக்கிற வரைக்கும் புள்ளைகளை யார் பாக்குறது?"

மறுவாரம் முதல் பள்ளியின் வாயிற்கதவு ஆறே முக்காலுக்குத் திறக்கப்பட்டது.