மகளுக்கு வயல், மகனுக்குப் பயணம்

பூர்வீகச் சொத்து என்றால் மகனுக்கு என்றுதானே பழகியிருக்கிறோம்? இந்தோனேசியாவின் மேற்குச் சுமத்ரா மலையூர்களில் வாழும் மினாங்கபாவ் மக்களிடம் இது தலைகீழ். பரம்பரை வயலும் வீடும் தாயிடமிருந்து மகளுக்குப் போகும். அந்தக் காலத்தில் வளர்ந்த பையன்களுக்கு வீட்டில் அறைகூடக் கிடையாது. 'சுராவ்' என்னும் தொழுகைக்கூடத்தில்தான் படுக்கை. பிறகு படிப்பும் பிழைப்பும் தேடி வெளியூர் கிளம்புவார்கள். இதன் பெயர் 'மெரந்தாவ்'.

19-ஆம் நூற்றாண்டில் பத்ரி இயக்கத்தினர் சூதாட்டம், சேவற்சண்டையோடு இந்தத் தாய்வழி வழக்கத்தையும் எதிர்த்தார்கள். போர் மூண்டது, டச்சுக்காரர்களும் புகுந்தார்கள். கடைசியில் நிலைத்தது ஒரு சமரசம்: பூர்வீகச் சொத்து பெண்வழியில், சுயசம்பாத்தியம் இஸ்லாமியச் சட்டப்படி. பெண்கள் நிலத்தை இழக்கவில்லை.

புக்கிட்டிங்கியில் 1902-ல் பிறந்த முகமது ஹத்தாவும் இப்படி ஊரைவிட்டுக் கிளம்பியவர்தான். 1945-ல் சுகர்னோவுடன் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார்.