இந்தியாவில் எச்.ஐ.வி.யை முதலில் கண்டறிந்த இரு பெண் மருத்துவர்கள்: சுனிதி சாலமன், செல்லப்பன் நிர்மலா

ஜொகூர் பாரு - பாலியல் தொற்றுகளைப் பற்றி நம் வீடுகளில் இன்றும் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. சந்தேகம் வந்தாலும் கிளினிக்கிற்குப் போகக் கூச்சப்படுகிறோம். நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு சென்னையில் இந்த மௌனத்தை உடைத்தவர்கள் இரண்டு பெண் மருத்துவர்கள். ஒருவர் பேராசிரியர் டாக்டர் சுனிதி சாலமன். மற்றவர் அவருடைய மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலா.

யார் இவர்கள்?

சென்னையில் குடியேறிய மராத்திக் குடும்பத்தில் பிறந்தவர் சுனிதி. வெளிநாடுகளில் பயிற்சி பெற்றுத் திரும்பி, சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் துறையில் பணியாற்றினார். எய்ட்ஸ் மேல்நாட்டு நோய், இந்தியாவிற்கு வராது என்று பலரும் நம்பிய காலம் அது. அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க விரும்பிய அவர், அதையே ஆய்வுத் தலைப்பாக எடுத்துக்கொள்ளும்படி நிர்மலாவிடம் சொன்னார். நிர்மலாவுக்கு அப்போது 32 வயது. இரண்டு சிறு பிள்ளைகளின் தாய். முதலில் தயங்கினாலும், கணவர் தந்த ஊக்கத்தால் ஒப்புக்கொண்டார்.

ஆய்வு நடந்த விதம்

பாலியல் தொழிலில் ஈடுபட்டதாகப் பிடிபட்ட பெண்களைத் தங்கவைத்திருந்த மயிலாப்பூர்க் காப்பகத்திற்கு நிர்மலா தொடர்ந்து சென்றார். மூன்று மாதங்களில் சுமார் 80 இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். கையுறையோ மற்ற பாதுகாப்புச் சாதனங்களோ போதுமான அளவில் இல்லை. பிரித்தெடுத்த சீரத்தை வைக்க வேறு இடம் கிடைக்காததால், தன் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியிலேயே வைத்திருந்தார்.

சென்னையில் அப்போது எலிசா பரிசோதனை வசதி இல்லை. எனவே 1986 பிப்ரவரியில் மாதிரிகளை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போனார். அங்கே ஆறு மாதிரிகளில் தொற்று இருப்பதாகத் தெரிந்தது. பிறகு அமெரிக்காவில் செய்த மறுபரிசோதனையும் அதை உறுதிப்படுத்தியது. தமிழ்நாடு சட்டமன்றத்தில் அப்போதைய சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே இதை அறிவித்தார். நிர்மலா 1987இல் தம் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார்.

கேட்க வேண்டிய கேள்வி

இந்த ஆய்வில் நாம் மறக்கக்கூடாத ஒன்று உண்டு. எதற்காக இரத்தம் எடுக்கப்படுகிறது என்பது அந்தப் பெண்களுக்கு முழுமையாகச் சொல்லப்படவில்லை. வழக்கமான பால்வினை நோய்ப் பரிசோதனை என்றே அவர்கள் நினைத்தார்கள். இன்று இப்படி ஓர் ஆய்வை நடத்த முடியாது. சம்மதம், முன்னாலோசனை, இரகசியம் ஆகிய மூன்றும் எச்.ஐ.வி. பரிசோதனையின் அடிப்படை விதிகளாகிவிட்டன.

சுனிதியின் பிற்காலப் பணியும் அந்தத் திசையில்தான் சென்றது. 1993இல் தம் தந்தை ஒய்.ஆர். கைத்தொண்டேவின் பெயரில் எய்ட்ஸ் ஆய்வு, கல்வி மையத்தைச் சென்னையில் தொடங்கினார். மற்ற இடங்களில் ஒதுக்கப்பட்ட நோயாளிகளுக்கு அங்கே சிகிச்சையும் ஆலோசனையும் கிடைத்தன. தொற்றுடன் வாழ்பவர்களுக்கு வரன் பார்த்துத் திருமணமும் செய்து வைத்தார். 2015 ஜூலையில் காலமான அவருக்கு, 2017இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

அந்த மையமும் பங்கேற்ற பன்னாட்டு ஆய்வின் முடிவு 2011இல் வெளியானது. தொற்றுள்ளவர் தாமதிக்காமல் மருந்தைத் தொடங்கினால், துணைவருக்குத் தொற்று பரவும் வாய்ப்பு 96 விழுக்காடு குறைகிறது என்று அது காட்டியது.

நம் நாட்டில்

மலேசியாவிலும் முதல் எச்.ஐ.வி. தொற்று 1986இல்தான் பதிவானது. தொடக்கத்தில் போதை ஊசியைப் பகிர்ந்து கொண்டதால்தான் பெரும்பாலும் பரவியது. இப்போது உடலுறவு வழியே அதிகம் பரவுகிறது. 2006இல் சுத்தமான ஊசி வழங்கும் சோதனைத் திட்டம் தொடங்கிய இடங்களில் ஜொகூர் பாருவும் ஒன்று. கர்ப்பிணிகளுக்கான பரிசோதனை 1998இல் தொடங்கியது. அதன் பலனாக, தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் பரவுவதை ஒழித்த நாடாக மலேசியாவை உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் அங்கீகரித்தது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் இந்த நிலையை முதலில் எட்டியது நாம்தான்.

வாசகர்கள் அறிய வேண்டியவை

* ஒன்றாகச் சாப்பிடுவதாலோ, கைகுலுக்குவதாலோ, கொசு கடிப்பதாலோ எச்.ஐ.வி. பரவாது.
* சிபிலிஸ், வெட்டை போன்றவை எதிருயிரி மருந்தால் குணமாகும். கவனிக்காமல் விட்டால் எச்.ஐ.வி. தொற்றும் ஆபத்தும் கூடும்.
* பல தொற்றுகள் அறிகுறி காட்டுவதில்லை. பரிசோதித்தால்தான் தெரியும்.
* தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களில் எச்.ஐ.வி. பரிசோதனை அதைக் காட்டாமல் போகலாம். எனவே மருத்துவர் சொல்லும் நாளில் மீண்டும் பரிசோதிக்க வேண்டும்.
* மருந்தை ஒழுங்காக எடுத்து, இரத்தத்தில் வைரஸ் தென்படாத நிலையை அடைந்து அதைத் தக்கவைத்தவரிடமிருந்து உடலுறவு வழியே எச்.ஐ.வி. பரவாது.

சந்தேகம் உள்ளவர்கள் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கை நாடலாம். அந்த ஆறு பெண்களுக்குத் தங்கள் இரத்தம் எதற்குப் பரிசோதிக்கப்பட்டது என்று தெரியாது, நோய்க்கு மருந்தும் அப்போது இல்லை. இன்று மருந்து இருக்கிறது, கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமையும் நமக்கு இருக்கிறது.