காணிக்கையும் காலண்டரும்: இங்கிலாந்துக் கிராம ஆலயத்தின் ஆண்டு

ஆங்கிலிக்கன் திருச்சபையின் ஆண்டு, கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய திருவருகைக் காலத்தில் தொடங்கி, லெந்து, ஈஸ்டர், பெந்தெகொஸ்தே என நகர்ந்து, திரித்துவ ஞாயிற்றுக்குப் பின்வரும் நீண்ட வாரங்களில் முடிகிறது என்பது வழிபாட்டு நூல்கள் தரும் சித்திரம். அது தவறன்று, ஆனால் இங்கிலாந்தில் ஒரு சேகரம், அதாவது ஒரு குருவானவரின் பொறுப்பில் வரையறுத்த நில எல்லையோடு அமைந்த திருச்சபைப் பிரிவு, ஓராண்டை உண்மையில் எவ்வாறு கழித்தது என்பதை அச்சித்திரம் சொல்வதில்லை. அதை அறிய ஆலயக் கணக்கேடுகளைப் புரட்ட வேண்டும். கூரையைச் செப்பனிடவும், மணிக்குக் கயிறு வாங்கவும், மெழுகுக்கும் திராட்சரசத்துக்கும் ஆன செலவை ஈடுகட்டவும் பணம் எவரிடமிருந்து எந்த வழியில் வந்தது என்பது மாறியபோதெல்லாம், சேகரத்தின் ஆண்டும் அதன் பண்டிகைகளும் மாறின என்பதே இக்கட்டுரையின் வாதம். தொன்றுதொட்டு வருவதாகக் கருதப்படும் பல வழக்கங்கள் உண்மையில் ஒரு வருவாய் முறை மறைந்து மற்றொன்று தோன்றிய இடைவெளியில் முளைத்தவை.

இவ்வகையில் டெவன் மாவட்டத்தில் எக்ஸ்மூர் மேட்டுநிலத்தின் தென்விளிம்பில் உள்ள மோர்பாத் என்னும் சிற்றூரின் கணக்கேடு ஈடற்ற சான்றாகும். முப்பத்துச் சொச்சம் குடும்பங்களே வாழ்ந்த அவ்வூருக்கு 1520இல் குருவாக வந்த சர் கிறிஸ்டஃபர் டிரிக்கே, எட்டாம் ஹென்றி, ஆறாம் எட்வர்ட், மேரி, முதலாம் எலிசபெத் ஆகிய நால்வரின் ஆட்சியிலும் அதே பதவியில் நீடித்து 1574இல் மறைந்தார். அவர் எழுதி வைத்த கணக்குகளை அடிப்படையாகக் கொண்டு ஈமன் டஃபி 2001இல் வெளியிட்ட நூலுக்குப் பின்னரே மோர்பாத் வரலாற்று மாணவர்களிடையே பரவலாகப் பேசப்பட்டது. டிரிக்கேயின் ஏடு வெறும் வரவுசெலவுப் பட்டியலன்று. ஊர் கூடியிருக்க உரக்கப் படிப்பதற்காக எழுதப்பட்டமையால், யார் எதைக் கொடுத்தார், யார் பாக்கி வைத்திருக்கிறார் என்பதெல்லாம் பேச்சு நடையிலேயே அதில் பதிவாகியுள்ளது.

மோர்பாத் ஆலயத்தில் ஒவ்வொரு புனிதரின் சொரூபத்துக்கும் அதன் முன் எரியும் விளக்குக்குமாகத் தனித்தனி நிதிகள் இருந்தன. மரியாளுக்கு ஒன்று, சிட்வெல் என்னும் உள்ளூர்ப் புனிதைக்கு ஒன்று, இளைஞருக்கு ஒன்று, மணமாகாத பெண்களுக்கு ஒன்று எனப் பிரிந்திருந்த இந்நிதிகளுக்கு ஆண்டுதோறும் பொறுப்பாளர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டு, ஆண்டு முடிவில் கணக்கு ஒப்படைத்தனர். மூலதனம் பெரும்பாலும் ஆடுகளாகவே இருந்தது. ஆலயத்துக்குச் சொந்தமான ஆடு ஒரு வீட்டு மந்தையோடு சேர்ந்து மேயும்; அதன் கம்பளியும் குட்டியும் விலையாகிப் புனிதரின் நிதிக்குச் சேரும்; ஆடு செத்தாலும் தொலைந்தாலும் அதுவும் ஏட்டில் ஏறும். ஆகவே கம்பளி கத்தரிக்கும் பருவமும் குட்டி ஈனும் பருவமும் திருவிழா நாட்களைப் போலவே ஆலயத்தின் ஆண்டில் இடம்பெற்றன.

இதற்கு அடுத்த பெரிய வரவு 'ஏல்' எனப்பட்ட பியர் விருந்து. ஆலயப் பொறுப்பாளர்களாகிய வார்டன்கள் பியரைக் காய்ச்சி, ஆலயத்துக்குரிய பொதுவீட்டில் ஊராருக்கும் அண்டை ஊராருக்கும் விற்று, லாபத்தை நிதியில் சேர்த்தனர். அண்டை ஊரார் இங்கு வந்து குடித்தால் இவ்வூரார் அங்கு சென்று குடிப்பது மரியாதை. குடியும் பக்தியும் ஒன்றோடொன்று மோதவில்லை என்பது பிற்காலச் சீர்திருத்தவாதிகளுக்கு அருவருப்பாகத் தோன்றினாலும், வரி என்ற சொல்லே இல்லாமல் ஓர் ஊர் தன் ஆலயத்தைக் காத்துக்கொண்ட முறை இதுதான். டிரிக்கேயும் தமக்கு வரவேண்டிய, விளைச்சலில் பத்திலொரு பங்காகிய தசமபாகத்தில், ஆலய ஆடுகளின் கம்பளிக்கு உரிய பகுதியை விட்டுக்கொடுத்து, இறந்தோருக்கான திருப்பலியில் அணியும் கறுப்பு உடைகளுக்கென ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பணம் சேர்த்தார். உடைகள் ஒருவழியாக வாங்கப்பட்டது 1547இல். அவற்றுக்குரிய வழிபாட்டையே அரசு ஒழிக்கத் தொடங்கிய காலமும் அதுவே.

அதற்கு முன்பே 1536இல், அறுவடைக் காலத்தில் வேலை கெடுகிறது என்ற காரணத்தைக் காட்டி, ஜூலை தொடக்கம் முதல் செப்டம்பர் இறுதி வரை விழுந்த பெரும்பாலான புனிதர் நாட்கள் விடுமுறைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டதோடு, எல்லா ஊர்களிலும் ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகை அக்டோபர் முதல் ஞாயிறன்றே நடக்க வேண்டும் எனவும் ஆணை பிறந்தது. 1547இன் அரசாணைகள் சொரூபங்களையும் அவற்றின் விளக்குகளையும் ஊர்வலங்களையும் நிறுத்தின. விளக்கு அணைந்ததும் நிதிக்கு வேலையில்லை. மோர்பாத்தின் ஆடுகள் விற்கப்பட்டன, இளைஞர், பெண்கள் ஆகியோரின் பொறுப்புகள் மறைந்தன, பியர் விருந்தும் நின்றது. ஆடுகளின் மீது 1549இல் அரசு விதித்த புதிய வரி அப்பகுதி உழவரின் மனக்கசப்பைக் கூட்டியது. அவ்வாண்டு பெந்தெகொஸ்தே ஞாயிறாகிய ஜூன் 9 அன்று ஆங்கில மொழியிலான பொது ஜெபப் புத்தகம் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. மறுநாளே டெவனின் சேம்ஃபோர்ட் கோர்ட்னியில் எதிர்ப்பு வெடித்து, எக்சிட்டர் நகர முற்றுகையாக வளர்ந்தது. மோர்பாத்தும் ஐந்து பேரை ஆயத்தப்படுத்தி அந்தக் கிளர்ச்சி முகாமுக்கு அனுப்பியதை அதன் கணக்கேடே காட்டிக்கொடுக்கிறது. மேரியின் ஆட்சியில் பழைய பொருட்கள் பல திரும்பி வந்தன என்றாலும், எலிசபெத்தின் காலத்தில் அவ்வுலகம் மீளாமல் போயிற்று.

வரவுக்கு வழி அடைபட்ட ஆலயங்கள் படிப்படியாக 'ஆலய வரி'யை நாடின. சேகர எல்லைக்குள் நிலமோ வீடோ அனுபவிப்பவர் யாவரும், வழிபாட்டுக்கு வந்தாலும் வராவிட்டாலும், கட்டடப் பராமரிப்புக்குச் செலுத்த வேண்டிய வரி அது. அதைத் தீர்மானித்தது வெஸ்ட்ரி எனப்பட்ட சேகரவாசிகளின் கூட்டம். 1604இன் திருச்சபைச் சட்டம் வார்டன்களை ஈஸ்டர் வாரத்தில் தேர்ந்தெடுக்க வேண்டுமென விதித்தது. 1601இன் ஏழைகள் நிவாரணச் சட்டம் நிவாரண மேற்பார்வையாளரின் நியமனத்தையும் ஈஸ்டரை ஒட்டியே வைத்தது. இவ்வாறு உயிர்த்தெழுதல் பண்டிகையின் வாரம் கணக்கு முடிக்கும் வாரமாகவும், வரி விதிக்கும் வாரமாகவும், பதவி மாறும் வாரமாகவும் ஆகிவிட்டது.

ஊர்வலங்கள் ஒழிந்தபின்னும் ரோகேஷன் சுற்று மட்டும் பிழைத்ததற்கும் காரணம் இந்த வரவுக் கணக்கே. பரமேறுதல் பண்டிகைக்கு முந்தைய மூன்று நாட்களில் பயிருக்காக வேண்டிக்கொண்டே எல்லையைச் சுற்றிவரும் இவ்வழக்கத்தை 1559இன் அரசாணைகள் கொடியும் சிலுவையும் இல்லாமல் தொடர அனுமதித்தன. தசமபாகம் எந்த ஆலயத்துக்கு, வரி எந்த வெஸ்ட்ரிக்கு, ஆதரவற்றவரைக் காக்கும் சுமை எந்த ஊருக்கு என்பதெல்லாம் எல்லைக் கோட்டைப் பொறுத்தன. எல்லைக் கற்கள் மறக்காதிருக்க, உடன் வந்த சிறுவரை அக்கற்களின் மேல் முட்டவைப்பதும், அடித்துவிட்டுக் காசு கொடுப்பதும் உண்டு. அறுபது ஆண்டுகளுக்குப் பின் வழக்கு வந்தால் சாட்சி சொல்ல ஆள் வேண்டுமல்லவா!

வழிபாட்டு ஆண்டோ மெலிந்தது. 1645இல் ஜெபப் புத்தகமும் 1647இல் கிறிஸ்து பிறப்பு, ஈஸ்டர் உள்ளிட்ட பண்டிகைகளும் பாராளுமன்றத்தால் தடைசெய்யப்பட்டு, மன்னராட்சி மீண்டபின் 1662இன் ஜெபப் புத்தகத்தோடு திரும்பின. ஆண்டுக்கு மூன்று முறையாவது திருவிருந்தில் பங்குபெற வேண்டும், அவற்றுள் ஒன்று ஈஸ்டராக இருக்க வேண்டும் என்பது அதன் விதி. புனிதர் நாட்களைக் காட்டிலும் ஊரில் மணி முழங்கியது, வெடிமருந்துச் சதி முறியடிக்கப்பட்ட நவம்பர் 5, மன்னராட்சி மீண்ட மே 29 ஆகிய அரசு நாட்களில்தான். மணியடித்தோருக்குக் கொடுத்த கூலி நவம்பர் 5ஐ ஒட்டி ஆலயக் கணக்குகளில் சலிக்காமல் வரும் செலவினம். இந்த அரசு வழிபாடுகள் 1859இல் கைவிடப்பட்டன.

பதினெட்டாம் நூற்றாண்டுச் சேகரத்தின் ஆண்டை உள்ளிருந்து காட்டுபவர் நார்ஃபோக்கின் வெஸ்டன் லாங்வில் ஊரில் 1776 முதல் 1803இல் இறக்கும்வரை குருவாக வாழ்ந்த ஜேம்ஸ் வுட்ஃபோர்ட். அவருடைய நாட்குறிப்பில் திருவிருந்து ஆண்டுக்குச் சில முறைகளே இடம்பெற, உணவு நாள்தோறும் இடம்பெறுகிறது. ஆண்டின் உச்சம் டிசம்பர் தொடக்கத்தில் வந்த தசமபாக வசூல் நாள். விளைச்சலில் பத்திலொரு பங்கைப் பொருளாக அளப்பதற்குப் பதில் உடன்பாடான தொகையை உழவர்கள் அன்று பணமாகச் செலுத்தினர். குருவானவரோ வேகவைத்த ஆட்டுக்கால், வாட்டிய மாட்டிறைச்சி, பிளம் புட்டிங், பஞ்ச், பியர் என விருந்து வைத்து அவர்களின் கசப்பைக் கரைத்தார். அதே மாதத்தின் 21ஆம் நாள், புனித தோமாவின் திருநாளில், ஏழைகளுக்கு ஆளுக்கு ஆறு பென்ஸ் கொடுத்தார். கிறிஸ்து பிறப்பன்று முதியோர் சிலரைச் சமையலறையில் அமர்த்தி உணவும் ஒரு ஷில்லிங்கும் அளித்தார். வாங்குவதும் கொடுப்பதும் ஒரே மாதத்துக்குள் முடிந்தன என்பது கவனிக்கத்தக்கது.

இந்த உறவை 1836இன் தசமபாக மாற்றுச் சட்டம் குலைத்தது. தசமபாகம் தானிய விலையோடு ஏறி இறங்கும் நிலவாடகையாக மாறியதோடு, அதற்கெனப் பெரும்பாலான சேகரங்களுக்கு வரையப்பட்ட வரைபடங்கள் எல்லை நடையின் தேவையையும் பெருமளவு குறைத்தன. விளைச்சலுக்கும் ஆலயத்துக்கும் இருந்த நேரடிக் கணக்கு அறுந்த இக்காலத்தில்தான் அறுப்பின் பண்டிகை பிறந்தது. கார்ன்வாலின் மார்வென்ஸ்டோ ஊரின் குருவானவரும் கவிஞருமான ராபர்ட் ஸ்டீஃபன் ஹாக்கர், முதற்கதிரில் சுட்ட அப்பத்தைக் கொண்டு திருவிருந்து நடத்த 1843 அக்டோபர் 1 ஞாயிறன்று தம் மக்களை அழைத்தார். சாமர்செட்டின் ஈஸ்ட் பிரென்ட்டில் ஜார்ஜ் டெனிசன் 1857இல் பண்ணைதோறும் நடந்த குடிவிருந்துகளுக்குப் பதிலாக ஊர்முழுவதற்கும் ஒரே விருந்தை ஏற்படுத்தினார். 1862இல் கேன்டர்பரி குருமன்றம் இப்பண்டிகைக்கு வழிபாட்டு முறையே வகுத்தது. கட்டாயமாக அளந்த கதிர்க்கட்டு, மனமுவந்து ஆலயத்தை அலங்கரிக்கும் கதிர்க்கட்டாயிற்று. திருநெல்வேலிச் சபைகளில் காய்கறியும் வாழைத்தாரும் கோழியும் காணிக்கையாக வந்து, ஆராதனை முடிந்ததும் ஏலம் போகும் அறுப்பின் பண்டிகையை அறிந்த தமிழ் வாசகர், அது ஆங்கிலேயச் சபையிலேயே அவ்வளவு பழைய பண்டிகை அன்று என்பதை எண்ணிப்பார்க்கலாம்.

ஆலய வரியின் முடிவு இதைவிடச் சச்சரவானது. பிற சபைகளைச் சார்ந்தோர் தாம் செல்லாத ஆலயத்துக்கு வரி கட்ட மறுத்தனர். செம்ஸ்ஃபோர்டின் செருப்புத் தொழிலாளி ஜான் தரோகுட் அதற்காக 1839இல் சிறை சென்றார். பிரெயின்ட்ரீ ஊரின் வழக்கு பதினாறு ஆண்டுகள் இழுத்து, வெஸ்ட்ரியின் சிறுபான்மையினர் விதிக்கும் வரி செல்லாது என 1853இல் பிரபுக்கள் சபையில் முடிந்தது. 1868இல் கட்டாய வரியே ஒழிந்தது. அதுமுதல் ஞாயிறுதோறும் காணிக்கை, கோடைக்கால விற்பனைச் சந்தை, தேநீர் விருந்து, இசை மாலை ஆகியவை ஆலயத்தின் வருவாயாகி ஆண்டை நிரப்பின. வார்டன்கள் பியர் விற்ற இடத்தில் சேகரத்துப் பெண்கள் கேக் விற்றனர் எனலாம். உழைப்பு அவர்களுடையதாக இருந்தும், சபை நிர்வாகத்தில் இடம்பெற அவர்கள் இன்னும் பல பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

எல்லாப் பண்டிகைகளையும் பணத்தால் விளக்கிவிட முடியாது. 1880இன் கிறிஸ்து பிறப்பு முன்னிரவில் ட்ரூரோவில் மரக்கொட்டகை ஒன்றில் பேராயர் பென்சன் தொடங்கிய ஒன்பது வாசகங்களும் கீதங்களும் என்ற ஆராதனை, 1918இல் கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரியில் இடம்பெற்று, 1928 முதல் வானொலி வழியே எல்லா ஊர்களுக்கும் பரவியது. முதல் உலகப்போரின் இழப்பு நவம்பர் மாதத்துக்கு நினைவுநாளைத் தந்தது. லெந்துவின் நடுவில் வரும் அன்னையர் ஞாயிறு, கான்ஸ்டன்ஸ் பென்ஸ்விக் ஸ்மித் என்னும் நாட்டிங்ஹாம்ஷயர்ப் பெண்ணின் இடைவிடாத முயற்சியால் உயிர்பெற்றது.

எனினும் நிர்வாக ஆண்டு மட்டும் தன் பழைய இடத்தை விடவில்லை. வெஸ்ட்ரியின் குடிமைப் பணிகள் 1894இல் கிராமப்புறங்களில் தேர்தல்வழி ஊர்மன்றங்களுக்கும், திருச்சபைப் பணிகள் 1921இல் சேகர மன்றத்துக்கும் சென்றபின்னும், ஆண்டுக்கூட்டம் ஈஸ்டரை ஒட்டிய வசந்த காலத்திலேயே நடக்கிறது. உண்மையில் அன்று கூடுவன இரண்டு கூட்டங்கள். வார்டன்களைத் தேர்ந்தெடுக்கும் முதற்கூட்டத்தில், சேகர எல்லைக்குள் வாழ்ந்து உள்ளாட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் கொண்ட எவரும், எந்தச் சமயத்தைச் சார்ந்தவராயினும், வாக்களிக்கலாம். இது எல்லைக்குள் வாழ்ந்தோர் யாவரும் வரி கட்டிய காலத்தின் எச்சம். அதைத் தொடர்ந்து சேகர மன்றத்தைத் தேர்ந்தெடுத்துக் கணக்கைப் பார்வையிடும் இரண்டாம் கூட்டத்தில், ஆலயத்தின் தனி வாக்காளர் பட்டியலில் விரும்பிப் பெயர் பதிந்தோருக்கு மட்டுமே வாக்குரிமை உண்டு.