வெள்ளைக் காலர் பிறந்த கதை

கோட்டு-டை உலகில் எழுதப்படாத ஒரு வரிசை உண்டு. விருந்துக்கும் விழாவுக்கும் வெள்ளைச் சட்டை, அலுவலகத்துக்கு இளநீலம், அதற்கும் கீழே கோடு, கட்டம், அடர் நிறங்கள். இந்த வரிசை பிறந்தது சலவைத் தொட்டியில்.

18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் சட்டை என்பது உள்ளாடை. கோட்டுக்கு வெளியே தெரிந்தது கழுத்தும் மணிக்கட்டும்தான். லினன் துணியைக் காரநீரில் ஊறவைத்து, புளித்த பாலில் நனைத்து, புல்வெளியில் விரித்து மாதக்கணக்கில் வெளுக்க வேண்டியிருந்தது. 1799இல் கிளாஸ்கோவின் சார்லஸ் டென்னன்ட் சலவைத்தூளுக்குக் காப்புரிமை பெற்றார். புதுத் துணி வெளுப்பது எளிதாயிற்று. உடுத்திய துணியை வெள்ளையாகவே வைத்திருப்பதுதான் பெரும்பாடு. நிலக்கரிப் புகை சூழ்ந்த லண்டனில், கஞ்சி போட்ட மாசற்ற லினனைக் கனவானின் அடையாளமாக்கினார், ஆண்களின் உடை நாகரிகத்துக்குப் பேர்போன போ பிரம்மெல். துவைக்க ஆள் வைத்துக்கொள்ள வசதியுள்ளவன் என்பதைச் சட்டையே சொல்லிவிடும்.

வசதி குறைந்தவர்களுக்கு வழி பிறந்தது அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்து ட்ராய் நகரில். 1827இல் ஹன்னா மான்டேக் என்ற பெண், கணவரின் சட்டையில் காலர் மட்டுமே அழுக்காவதைக் கவனித்து, அதைத் தனியே வெட்டியெடுத்துத் துவைத்து மறுபடி பொருத்தினார் என்கிறது அவ்வூர் வரலாறு. கழற்றி மாட்டும் காலர் அப்படிப் பிறந்தது. ஒரே சட்டையை நாலு நாள் போடும் குமாஸ்தாவும் தினம் புதுக் காலரோடு வேலைக்குப் போனார். ட்ராய்க்குக் ‘காலர் நகரம்’ என்றே பெயர் நிலைத்தது.

அந்த வெண்மைக்குப் பின்னால் இருந்தவர்கள் சலவைப் பெண்கள். கொதிநீர், காரம், காய்ச்சிய கஞ்சி, அனல் பறக்கும் இஸ்திரிப் பெட்டி என்று நாளுக்கு 12 மணி நேரத்துக்கும் மேல் உழைத்தார்கள், கையெல்லாம் தீக்காயம். 1864இல் கேட் முல்லனி என்ற இளம் ஐரிஷ் பெண் அவர்களைச் சங்கமாகத் திரட்டி வேலைநிறுத்தத்தில் இறக்கினார். ஒரு வாரத்துக்குள் முதலாளிகள் கூலி உயர்வுக்கு இணங்கினார்கள்.

கோடு போட்ட சட்டையும் நிறச் சட்டையும் அழுக்கை மறைக்கும் என்பதால், அவற்றை அணிந்தவரைச் சமூகம் சந்தேகத்தோடு பார்த்தது. பின்னாளில் நீலமும் கோடும் அலுவலகத்துக்குள் நுழைந்தபோதும், காலரும் கஃப்பும் வெள்ளையாகவே இருக்க வேண்டியிருந்தது. உடல் பகுதி நீலமாகவும் காலர் வெள்ளையாகவும் இருக்கும் ‘வின்செஸ்டர்’ சட்டை அதன் எச்சம்தான். முதல் உலகப் போரில் மென்காலருக்குப் பழகிய வீரர்கள் ஊர் திரும்பியதும், கழற்றும் காலர் மெல்ல மறைந்தது.

சலவை இயந்திரம் வந்த பிறகு வெள்ளைக்கும் நீலத்துக்கும் செலவில் வேறுபாடில்லை. ஆனாலும் வரிசை மாறவில்லை. வெள்ளைச் சட்டைக்கு நாம் தரும் மரியாதை, அதை வெளுத்துக் கஞ்சி போட்ட கைகள் சம்பாதித்துக் கொடுத்தது. அந்த மரியாதையை உடுத்தியவரோடு நிறுத்திக்கொள்ளாமல், துவைத்துத் தேய்த்துக் கொடுப்பவருக்கும் தருவதுதான் நியாயம்.