75,000 டாலர் கோட்டின் கதை

"ஒரு அளவுக்கு மேல காசு வந்தாலும் சந்தோஷம் கூடாதுங்க, ஆராய்ச்சியே சொல்லுது" என்று யாராவது சொன்னால், எந்த ஆராய்ச்சி என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் 2010இல் வந்த ஒரே கட்டுரைதான். எழுதியவர்கள் டேனியல் கானமன், ஆங்கஸ் டீட்டன். காலப் நிறுவனம் அமெரிக்கர்களிடம் திரட்டிய சுமார் 4,50,000 பதில்களை அலசி, ஆண்டு வருமானம் 75,000 டாலரைத் தாண்டியபின் அன்றாட மகிழ்ச்சி உயர்வதில்லை என்றார்கள். 'என் வாழ்க்கை எப்படி?' என்ற மதிப்பீடு மட்டும் அதற்கு மேலும் ஏறிக்கொண்டே போனது. இந்தப் பாதியை யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை!

2021இல் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த் வந்தார். கைபேசிச் செயலி வழியாக, திடீர் திடீரென்று "இப்போ எப்படி இருக்கீங்க?" என்று 33,000 பேரிடம் கேட்டு, 17 லட்சம் பதில்கள் சேர்த்தார். கோடு எங்கேயும் நிற்கவில்லை. ஆனால் ஒவ்வொரு படி ஏறவும் வருமானம் இரட்டிப்பாகணும்.

அடுத்து நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. மாறி மாறி மறுப்பு எழுதாமல், கானமனும் அவரும் பார்பரா மெல்லர்ஸை நடுவராக வைத்துச் சேர்ந்து உட்கார்ந்தார்கள். 2023இல் விடை வந்தது. சராசரியைப் பிரித்துப் பார்த்தால், மகிழ்ச்சி மிகக் குறைந்த ஐந்தில் ஒரு பங்கினருக்கு மட்டும் சுமார் 1,00,000 டாலரில் ஏற்றம் நின்றுவிடுகிறது. மற்றவர்களுக்கு நிற்கவில்லை, மிக மகிழ்ச்சியான 30 சதவீதத்தினருக்கு அதற்கு மேல் வேகமே கூடுகிறது. பழைய கேள்விகளுக்குப் பெரும்பாலோர் 'சந்தோஷமாத்தான் இருந்தேன்' என்றே சொல்லியிருந்ததால், அவை உண்மையில் அளந்தது துயரத்தை. பிரிவு, சாவு, மனச்சோர்வு மாதிரியான துயரங்களைப் பணம் ஓரளவுக்கு மேல் தொடுவதில்லை போல.

அப்படியானால் ஆளைப் பொறுத்ததா? 1996லேயே மினசோட்டாவின் லிக்கன், டெல்லிகன் இருவரும் இரட்டையர்களை ஆராய்ந்து, ஆளுக்கு ஆள் மகிழ்ச்சி வேறுபடுவதில் ஏறத்தாழ பாதி மரபணு சார்ந்தது, குடும்ப வருமானத்தின் பங்கு 3 சதவீதம்கூட இல்லை என்றார்கள். மகிழ்ச்சியைக் கூட்ட முயல்வது உயரமாக முயல்வது போல என்றும் எழுதினார்கள். பின்னாளில் லிக்கனே அந்த வரியை வாபஸ் வாங்கினார்.

மூளையும் ஒத்துழைப்பதில்லை. வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸின் குரங்குகளுக்கு எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது டோபமைன் செல்கள் துள்ளின. வரும் என்று பழகியபின் அதே சாறுக்குச் சும்மா இருந்தன. சம்பளமும் அப்படித்தானோ? முதல் இன்க்ரிமென்ட் வந்த நாள் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஆறாவது எப்போ வந்ததுன்னு சம்பளச் சீட்டைப் பார்த்துத்தான் சொல்லணும்.