சாட்சியாசனத்தில் ஒரு கோடீசுவரர்

தொழிற் சட்டங்களின் வரலாற்றை நாம் பெரும்பாலும் அவை நிறைவேறிய ஆண்டிலிருந்தே படிக்கத் தொடங்குகின்றோம். அதற்கு முன்னர் யார் யாரை விசாரித்தனர் என்பதை நோக்குவதில்லை. அவ்வாறு நோக்கத்தக்க விசாரணையொன்று ஐக்கிய அமெரிக்காவில் 1913 முதல் 1915 வரை நடைபெற்றது.

1910 அக்டோபரில் லொஸ் ஏஞ்செல்ஸ் நகரில், தொழிற்சங்கங்களின் கடும் எதிரியாக விளங்கிய நாளிதழொன்றின் கட்டிடம் வெடிகுண்டால் தகர்ந்தது. ஏறத்தாழ இருபது ஊழியர் மாண்டனர். தொழிற்சங்கத்தாராகிய சகோதரர் இருவர் மறுவருடம் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். அச்செயலை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆயின் இத்துணைப் பகை எங்கிருந்து மூண்டது என்ற வினாவைச் சீர்திருத்தவாதிகள் எழுப்பினர். அதன் பயனாக 1912இல் ஒரு சட்டத்தின் மூலம் தொழிலுறவு ஆணைக்குழு தோற்றுவிக்கப்பட்டது. முதலாளிகள் சார்பில் மூவர், தொழிலாளர் சார்பில் மூவர், பொதுமக்கள் சார்பில் மூவர். ஜனாதிபதி வில்சன் அதன் தலைவராக நியமித்தவர் கன்சாஸ் நகரத்து வழக்கறிஞர் பிராங்க் வோல்ஷ்.

வோல்ஷ் கதவுகளை அடைத்துக்கொண்டு அறிக்கை எழுதும் மனிதரல்லர். குழு நகர்தோறும் சென்று 154 நாட்கள் பகிரங்க விசாரணை நடத்தியது. 740 பேர் சாட்சியமளித்தனர். சுரங்கத் தொழிலாளியும் வங்கி அதிபரும் ஒரே ஆசனத்தில் அமர்ந்து ஒரே வகையான கேள்விகளுக்கு விடை கூறவேண்டியிருந்தது.

விசாரணை நடந்துகொண்டிருக்கையிலேயே கொலறாடோ மாநிலத்தில் இரத்தம் சிந்தியது. 1913 செப்டெம்பரில் அங்குள்ள நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். வீடு கம்பனியுடையது, கடை கம்பனியுடையது, வைத்தியரும் கம்பனியாள். (நம் மலையகத்து லயன் அறைகளை அறிந்தோர்க்கு இதனை விளக்கவேண்டியதில்லை.) அவர்கள் சங்கத்தை அங்கீகரிக்குமாறும், எட்டு மணி நேர வேலையும், வெட்டிய கரியை நிறுப்பதைக் கண்காணிக்கத் தம் ஆளையும் கேட்டனர். இவற்றுட் சில ஏற்கெனவே அம்மாநிலச் சட்டத்தில் இருந்தவை! சட்டத்தை நடைமுறைப்படுத்துக என்று கேட்டதற்காக வீடுகளினின்றும் துரத்தப்பட்டு அவர்கள் கூடாரங்களிற் குடியேறினர். 1914 ஏப்ரில் 20இல் லட்லோ என்னுமிடத்துக் கூடாரங்களை மாநிலப் படையினர் சுட்டும் எரித்தும் அழித்தனர். ஒரு கூடாரத்தின் கீழ்த் தோண்டிய குழியில் ஒளிந்திருந்த இரு பெண்களும் பதினொரு குழந்தைகளும் மூச்சடைத்து மாண்டனர்.

அச்சுரங்கக் கம்பனிகளுட் பெரியதில் தலைமைப் பங்காளர் இளைய ஜோன் றொக்பெல்லர். பத்தாண்டுகளாகத் தாம் கொலறாடோவுக்குச் சென்றதில்லை என்று, படுகொலைக்கு இரு வாரங்களுக்கு முன்னரே கொங்கிரஸ் குழுவொன்றின் முன் அவர் கூறியிருந்தார். 1915 ஜனவரியில் நியூயோர்க் நகர மண்டபத்தில் வோல்ஷின் முன்னும் அமர்ந்தார். இனிய மொழி, பணிவான தோற்றம், பத்திரிகைகள் மயங்கின. வோல்ஷ் மயங்கவில்லை. கம்பனியின் கடிதங்களைக் கட்டளையிட்டு வரவழைத்தார். மே மாதத்தில் வாஷிங்டனில் அவற்றை எடுத்துக் காட்டினார். வேலைநிறுத்தத்தின்போது நிர்வாகிகள் நியூயோர்க்குக்கு இடைவிடாது எழுதியதும், சங்கத்துக்கு இணங்காத அவர்தம் பிடிவாதத்தை அங்கிருந்து ஆதரித்ததும் வெளியாயின. அறியாமை என்னும் கவசம் உடைந்தது.

1915இல் குழு ஒரே குரலில் முடிவுகூறவில்லை, பிளவுபட்டது. வோல்ஷும் தொழிலாளர் பிரதிநிதிகளும் ஒப்பமிட்ட அறிக்கை, செல்வத்தின் அநீதியான பங்கீட்டையும் சங்கம் அமைக்கும் உரிமை மறுக்கப்படுவதையும் அமைதியின்மையின் காரணங்களாகக் காட்டிற்று. உடனடியாகப் பெருஞ்சட்டம் எதுவும் பிறக்கவில்லை. மாறாக, றொக்பெல்லர், பின்னர் கனடாவின் பிரதமரான மக்கென்சி கிங்கின் யோசனைப்படி, கம்பனியே அமைத்து நடத்தும் ‘பிரதிநிதித்துவ’த் திட்டத்தைத் தம் சுரங்கங்களிற் புகுத்தினார். சங்கம் கேட்டவர்க்குச் சங்கத்தின் நிழல்! இருபதாண்டுகளின் பின், 1935இல் நிறைவேறிய வாக்னர் சட்டமே தொழிலாளர் தாமே சங்கம் அமைத்துப் பேரம் பேசும் உரிமையை நிலைநாட்டி, முதலாளியின் ஆதிக்கத்திலுள்ள சங்கங்களைத் தடைசெய்தது.

எனினும் ஒன்றை நாம் மறக்கலாகாது. 1913இல் கலிபோர்னியாவின் வீற்லாந்துத் தோட்டத்தில், குடிநீரும் மலசலகூடமுமின்றி வாடிய கூலிகள் கூட்டங்கூடியபோது மோதல் மூண்டு நால்வர் இறந்தனர். அவர்களது துயரையும் வோல்ஷ் குழு ஆராய்ந்தது. ஆயின் 1935ஆம் ஆண்டுச் சட்டம் விவசாயத் தொழிலாளரையும் வீட்டு வேலையாட்களையும் தன் பாதுகாப்பினின்றும் விலக்கி வைத்தது. கலிபோர்னியாவின் தோட்டத் தொழிலாளர் அவ்வுரிமையைத் தம் மாநிலச் சட்டத்தின் வாயிலாகப் பெற்றது 1975இலேயே.